ரசமட்டம் வீட்டு ஸ்டீரியோ

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியே யாரும் அதை எடுத்துப் பயன்படுத்துவதில்லை. டைல்ஸ் போடும் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அவர் ரசமட்டம். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீளக் கட்டையை வைப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாயும் குழாய்க்குள் ஒரு குமிழியும் இருக்குமே, அந்தக் கருவியின் பெயர். கருவி இல்லாமலே, ஒரு அறையின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, எந்த மூலை இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சந்தேகப்படுகிறவர்களுக்காகப் பிறகு கருவியை வைத்துக் காட்டுவார். குமிழி ஒருநாளும் அவர் பேச்சைத் தட்டியதில்லை.

இந்தத் திறமை வேலை நேரத்தோடு நின்றிருந்தால் எல்லோருக்கும் நல்லது. அது நிற்கவில்லை. போகிற வீட்டிலெல்லாம் சுவரில் மாட்டிய படங்களை நேராக்குவார். டீக்கடையில் ஆடுகிற மேஜைக் காலுக்கு அட்டையை மடித்துக் கொடுப்பார். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு, டாக்டரின் நாற்காலி இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கையை ஆட்டிச் சைகை காட்டினார். வலிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டுவிட்டார்.

டைல்ஸ் ஒட்டி முடித்த மறுநாள், சுத்தியல் காம்பால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அடியில் சிமெண்ட் முழுக்கப் பிடித்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். எங்கேயாவது காற்று நின்றிருந்தால் காலிப் பெட்டியைத் தட்டியது போல வரும். அப்படி வந்தால் அந்தக் கல் தப்பாது, உடைத்து எடுத்துவிட்டு வேறு போடுவார். "பரவாயில்ல விடுங்க, அதுமேல பீரோ வந்துடும்" என்று வீட்டுக்காரர்கள் சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தரையை மறைக்கிற எதுவும் அவருக்கு ஆகாது. பீரோவும் கட்டிலும் வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொள்ள வேண்டியவை. கம்பளத்துக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. கம்பளம் விரித்திருந்தால் அடியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்ட மனிதர் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் தரையைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். சிமெண்ட் தரை. அதில் விழுந்த விரிசல்களை அவருடைய மகள் சின்ன வயதில் ஆறு, மலை, எல்லை என்று பெயர் வைத்துப் பூகோளம் படித்தாள். அடுத்தவன் வீட்டுத் தரைக்கு நாம் ஏன் செய்ய வேண்டும் என்று மனைவி தடுத்துவிட்டாள். அவரோ அந்தத் தரையைக் கண்ணால் பார்க்கவும் மாட்டேன் என்றார். கடைசியில் மனைவிதான் ஒரு தடித்த ஜமுக்காளத்தை விரித்து, அது எட்டாத இடத்துக்குப் பழைய போர்வைகளைச் சேர்த்துத் தைத்துப் போட்டாள். மகளுக்குத் தனி அறை இல்லாததால் ஹாலின் நடுவே ஒரு கனமான திரை தொங்கியது. ஒரு சுவர் நெடுக மெத்தைகளைச் சுருட்டி அடுக்கியிருந்தார்கள். இன்னொரு சுவரில் புத்தகங்களும், இஸ்திரி போட வேண்டிய துணிக்கூடைகளும். கூட வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றால், தெருமுனையிலேயே நில்லுங்கள், நான் வந்துவிடுகிறேன் என்பார்.

அந்த ஹாலில்தான் ஸ்டீரியோ இருந்தது. அது அவருடையது அல்ல, அவர் மனைவியுடையது. கல்யாணத்துக்கு முன்பே தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. இரண்டு பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள், நடுவில் ஒரு கனத்த ஆம்ப்ளிஃபயர். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். காலையில் காதில் மாட்டுகிற ஹெட்போனைச் சாயங்காலம்தான் கழற்றுவாள். ஆஸ்பத்திரிக்கு யாரும் சந்தோஷமாக இருக்கும்போது போன் செய்வதில்லை. அழுகிறவர்கள், அதட்டுகிறவர்கள், எந்த வார்டு என்று தெரியாமல் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே குரலில், "லைன்ல இருங்க, இதோ கொடுக்கறேன்" என்று சொல்லவேண்டும். அந்த ஒரே குரலில் சொல்வதுதான் அந்த வேலையின் கஷ்டம்.

வீட்டுக்கு வந்து குளித்ததும் ஸ்டீரியோவைப் போட்டுவிட்டு, பஞ்சு நாற்காலியில் சாய்ந்து, காலை ஜமுக்காளத்தின்மேல் நீட்டிக்கொண்டு உட்காருவாள். ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் வீடு தீப்பிடித்தாலும் முடிந்த பிறகுதான் சொல்லவேண்டும் என்று மகளுக்கு உத்தரவு. அந்த ஒரு மணி நேரம்தான் தன் காதைத் தனக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்று கல்யாணமான புதிதில் கணவனிடம் சொல்லியிருக்கிறாள். பாடுகிறவர் மூச்சு வாங்குவது கேட்கும், தந்தியின்மேல் விரல் நகர்வது கேட்கும் என்பாள். ரசமட்டத்துக்கு அதெல்லாம் கேட்டதில்லை. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே ஒரு பாட்டுதான் உண்டு. அதை ஆளாளுக்கு வேறுவேறு வேகத்தில் பாடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் மனைவியின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விலகுவதை அவர் கதவோரம் நின்று பார்ப்பார். பாட்டு தெரியாவிட்டாலும் அந்த முகம் அவருக்குத் தெரியும்.

பிறகு சொந்த வீடு கட்டினார். கட்டியது கொத்தனார். ஆனால் கொத்தனாரின் சுவரெல்லாம் தன் டைல்ஸைத் தாங்கிப் பிடிக்க வந்தவை என்பதுதான் ரசமட்டத்தின் எண்ணம். தரை முழுக்க ஆளுயரக் கல், இடுக்கே தெரியாத இணைப்பு. சமையலறை, குளியலறைச் சுவர்களுக்கு டைல்ஸ் போடுவது எல்லா வீட்டிலும் உண்டு. இவர் ஹால் சுவர்களுக்கும் கூரை வரைக்கும் போட்டார். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற வெள்ளைக் கல். மனைவி ஒருநாள் வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்தவள், சுவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த கணவனைப் பார்த்து, "ஹால் சுவத்துக்கு எதுக்குங்க டைல்ஸ்? பெயிண்ட் அடிச்சா போதாதா?" என்று கேட்டாள்.

ரசமட்டம் சிரித்தார். சின்னச் சிரிப்பல்ல. ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேஸ்திரி சிரிக்கிறாரே என்று கூட வேலை செய்த ஆட்களும் சிரித்தார்கள். அவளும் புன்னகைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி அவள் எதையும் கேட்கவில்லை. எல்லாம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

குடிபோகிற அன்று ஜமுக்காளம், போர்வை, திரை, பஞ்சு நாற்காலி எல்லாவற்றையும் பழைய சாமான்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். புது ஹாலில் ஒரு கண்ணாடி மேஜை, இரும்புக் கால் வைத்த சில நாற்காலிகள், ஸ்டீரியோ. அவ்வளவுதான். பார்க்க வந்தவர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா, எந்தச் சுவரில் பார்த்தாலும் முகம் தெரிகிறது, தலை வார வசதி என்றார். ரசமட்டம் அதைப் பாராட்டாகவே வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் சாயங்காலம் மனைவி குளித்துவிட்டு வந்து ஸ்டீரியோவைப் போட்டாள். அவர் வழக்கம்போல் கதவோரம் நின்றார். பாட்டு தொடங்கியது. அவள் நெற்றியில் இருந்த சுருக்கங்களோடு இன்னும் ஒன்று சேர்ந்தது. எழுந்து சத்தத்தைக் குறைத்தாள். நாற்காலியை முன்னால் இழுத்தாள், பின்னால் தள்ளினாள். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அது "லைன்ல இருங்க" என்கிற அதே குரல் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. ஆனால் உண்மை என்னவென்றால், பாட்டே தெரியாத அவருக்குக்கூட என்னமோ போலிருந்தது. பாடுகிறவர் அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவது போலிருந்தது. ஒரு வார்த்தை முடிவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறி விழுந்தது. தாளம் வருகிறபோதெல்லாம் காதுக்குள் ஊசி இறங்கியது.

சில நாள் அப்படியே போனது. ஒரு மணி நேரம் என்பது அரை மணியானது. பிறகு தலைவலி என்று சொல்லிப் படுக்கப் போனாள். பிறகு ஒருநாள் அவர் வேலையிலிருந்து வந்தபோது ஹால் நிசப்தமாக இருந்தது. மனைவி இரும்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன். மகள் தன் போனுக்காக வைத்திருந்தது, அதை ஆம்ப்ளிஃபயரில் சொருகியிருந்தாள். எதிரே இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் சும்மா நின்றன. நாள் முழுக்க எதைக் கழற்ற முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தாளோ, வீட்டுக்கு வந்து அதையே மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆயுசுக்கும் சம்பாதித்து இவளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்தால், இவள் அதில் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று ரசமட்டத்துக்கு வருத்தமாக இருந்தது. ஸ்டீரியோவைச் சரிசெய்தே தீருவது என்று முடிவெடுத்தார். கோளாறு எங்கே இருக்கும் என்று யோசித்தார். வண்டியில் ஏற்றும்போது ஆட்டியிருப்பார்கள். புது வீட்டுக் கரண்ட் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ. இல்லை, பெட்டிக்கு வயதாகிவிட்டது. இப்படி மூட்டை தூக்கினவனிலிருந்து மின்சார வாரியம் வரைக்கும் எல்லோர்மேலும் சந்தேகப்பட்டார். சந்தேகப்படாமல் விட்டது ஒன்றைத்தான்.

முதலில் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். ஸ்பீக்கர்களின் தலையில் கருவியை வைத்து மட்டம் பார்த்தார். ஒன்று மயிரிழை சாய்ந்திருந்தது. அடியில் அட்டை கொடுத்து நிமிர்த்தினார். இரண்டு ஸ்பீக்கரும் இப்போது உலகத்திலேயே மிகவும் நேராக நின்று அதே காரியத்தைச் செய்தன.

பிறகு மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். அவன் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், ஒயர் விஷயத்தில் கெட்டிக்காரன். வந்தவன் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஒயர்களை உருவி மறுபடி சொருகினான். பழைய வீட்டில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது, பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்றான். பிறகு என்னவோ தோன்றி ஹாலின் நடுவில் போய் நின்று ஒரே ஒரு தட்டு கை தட்டினான். ஒரு கூட்டமே கை தட்டியது போல அது நாலு பக்கமும் போய்த் திரும்பி வந்தது. அவன் தரையைப் பார்த்தான். சுவர்களைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"எப்படிக் கணீர்னு இருக்கு பாத்தியா மாப்ள?" என்றார் ரசமட்டம்.

அவன் சொல்ல வந்ததை மென்று விழுங்கினான். "ஆமா மாமா" என்றான். வோல்டேஜாக இருக்கலாம் என்று பூசி மெழுகிவிட்டு, டீயைக்கூட நின்றுகொண்டே குடித்துவிட்டுக் கம்பி நீட்டினான். அன்றைக்கே அவன் விஷயத்தைத் தன் அக்கா மகளிடம் சொல்லிவிட்டான் என்பதும், அப்பாவிடம் யார் சொல்வது என்று இருவரும் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டார்கள் என்பதும் பிறகுதான் தெரிய வந்தது. இவர் மெனக்கெட்டு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். அது ஒரு மூலையில் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்து தன் பங்குக்கு ரீங்காரம் போட்டது.

மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அவர் தன் சந்தேகத்தைத் தன் வேலையின் பக்கமே திருப்பினார். எங்கேயோ ஒரு கல்லுக்கு அடியில் காற்று நிற்கிறது, பாட்டுச் சத்தத்துக்கு அது அதிர்கிறது, குறை தன்னுடையதுதான் என்று தீர்மானித்தார். இப்படி நினைக்கவே பெரிய மனசு வேண்டும். தன்னை நினைத்துத் தானே கொஞ்சம் உருகவும் செய்தார். சுத்தியல் காம்பை எடுத்துக்கொண்டு தரை முழுக்க முட்டிபோட்டுத் தட்டினார். பிறகு ஏணி போட்டுச் சுவர்களைத் தட்டினார். மகள் கல்லூரியிலிருந்து வந்தவள், அப்பா கூரைக்குக் கீழே காதைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு நைசாகத் தன் அறைக்குள் நழுவினாள். ஒரு கல்கூடப் பழுதில்லை. ஏணியிலிருந்து இறங்கும்போது அவருக்கு உச்சி குளிர்ந்தது. தரைக்கு வந்ததும், அப்படியானால் இன்னும் எதுவும் சரியாகவில்லையே என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் ஒரு பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டார். அந்தத் தெருவில் எல்லோரும் வக்கீல் அம்மா என்கிற பெண்மணி. அவருடைய வீட்டு ஹாலுக்கு இவர் தரை போட்டு வெகுகாலமாகிவிட்டது. குழாய் வேலைக்கு வந்தவன் குளியலறையில் ஒரு கல்லை உடைத்துவிட்டானாம், வந்து மாற்றித் தர வேண்டுமாம். நாளைக்கு வருகிறேன் என்று சொன்னவர், அந்தப் பக்கம் வேறு வேலை சீக்கிரம் முடிந்ததால் இன்றைக்கே போய்விட்டார். இதுதான் அவர் வாழ்க்கையில் செய்த உருப்படியான தப்பு.

கேட்டைத் திறக்கும்போதே ஜன்னல் வழியாக உள்ளே யாரோ அவரைப் பார்த்துவிட்டார்கள். உடனே உள்ளே தடபுடல். யாரோ யாரையோ அதட்டினார்கள். கனமான எதையோ இழுக்கிற சத்தம். கதவு திறந்தபோது வக்கீல் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அவருக்குப் பின்னால் கணவர் ஒரு பெரிய கம்பளத்தைப் பாதி சுருட்டியும் பாதி சுருட்டாமலும் கட்டிப்பிடித்தபடி நின்றார். எங்கே வைப்பது என்று தெரியாமல் திருதிருவென விழித்தார்.

ரசமட்டம் கம்பளத்தைப் பார்த்தார். அது விரித்திருந்த இடத்தில் தரை புதுசாகவும், விளிம்புக்கு வெளியே மங்கலாகவும் இருந்தது. ரொம்ப வருஷமாக அங்கேயே கிடக்கிற கம்பளம். இவர் வருகிறபோதெல்லாம் எழுந்து ஒளிந்துகொண்டிருக்கிறது.

கோர்ட்டில் யாரையும் பேசவிடாத வக்கீல் அம்மாவுக்கு அன்றைக்குப் பேச்சு வரவில்லை. கடைசியில் ஒருவாறு குட்டை உடைத்தார். "உங்க வேலைய நான் குத்தம் சொல்லல மேஸ்திரி. அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா தரை போட்ட நாள்லேர்ந்து இந்த ஹால்ல ஒருத்தர் பேசினா நாலு பேர் பேசற மாதிரி இருந்திச்சு. மாமனாருக்கு ஒரு வார்த்தை புரியல. பாவம், காது போயிடுச்சுன்னு அவரே நினைச்சுக்கிட்டாரு. இதை விரிச்ச அன்னைக்குத்தான் சரியாச்சு."

ரசமட்டம் குளியலறைக் கல்லை மாற்றிக் கொடுத்தார். பிறகு வீட்டுக்குப் போகவில்லை. அந்த வட்டாரத்தில் தான் தரை போட்ட வேறு சில வீடுகளுக்கும் சும்மா பார்க்க வந்தது போலப் போனார். ஒரு வீட்டில் கம்பளம். ஒரு வீட்டில் ஹால் முழுக்கப் பாய். ஒரு வீட்டுக்காரர் அவரை உள்ளே விடாமல் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். உள்ளே எதையோ சுருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் யோசித்தார். எத்தனையோ வீடுகளுக்குத் தரை போட்டிருக்கிறோம், ஒன்றிலாவது குடியிருந்திருக்கிறோமா? காய்ந்ததும் சாமானைக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம். காலி அறையில் பேச்சு முழங்கும்போது, நம் வேலையை வீடே புகழ்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்குள் வந்து வாழ்கிறவர்கள் அந்த முழக்கத்தோடு என்ன பாடுபடுகிறார்கள் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. சொன்னால் நாம் என்ன செய்திருப்போம் என்று அடுத்து யோசித்தபோது கோபம் இறங்கிவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் மனைவி ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரே போய் நின்றார். அவள் அதை ஒரு காதிலிருந்து மட்டும் தள்ளினாள்.

"டைல்ஸ்தான் காரணம்னு உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"ஒரு தடவை கேட்டேன். ஏணியப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சீங்க. எல்லாருமாச் சேந்து சிரிச்சீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "அதனால என்ன, விடுங்க. நாள் பூரா காதுல மாட்டிக்கிட்டு இருக்கறதுதானே. எனக்குப் பழக்கம்தான்."

மறுபடி காதை மூடிக்கொண்டாள். கத்தியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். பழக்கம்தான் என்று சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிற முன்பின் தெரியாதவனுக்குக் கொடுக்கிற பொறுமையை வீட்டில் அவருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை காலமாக என்றும் தெரியவில்லை.

மறுநாள் மைத்துனனை வரச் சொல்லி, உண்மையைச் சொல் என்றார். உயிருக்கு ஆபத்தில்லை என்று உறுதியான பிறகு அவன் மடை திறந்தது போலப் பேசினான். பழைய வீட்டில் ஜமுக்காளமும் திரையும் மெத்தையும் துணியும் சேர்ந்து சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தன, அதனால் ஸ்பீக்கரிலிருந்து புறப்பட்டது மட்டும் அக்கா காதுக்குப் போனது. இங்கே குடிக்க ஆளில்லை. ஒரே சத்தம் தரையிலும் நாலு சுவரிலும் மோதி மோதித் திரும்பி வருகிறது, அக்கா ஒரு பாட்டையே பல தடவை ஒரே நேரத்தில் கேட்கிறாள். பெட்டி பழைய பெட்டிதான், ஹால்தான் பாடுகிறது என்றான். வழி என்ன என்று கேட்டார். அவன் தலையைச் சொறிந்துகொண்டே, கம்பளம் என்றான். சொல்லிவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போனான்.

ரசமட்டம் கம்பளக் கடைக்குத் தானே போனார். அப்படி ஒரு கடைக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். இருப்பதிலேயே தடித்ததாக வேண்டும் என்றார். கடைக்காரர் அனுபவசாலி. தரை ரொம்ப மோசமோ என்று பரிவோடு விசாரித்தார்.

"தரை நல்லாத்தான் இருக்கு. அதுதான் பிரச்சினை" என்றார் ரசமட்டம்.

அதை விரித்த விதத்தை மகள்தான் பார்த்தாள். ஹாலுக்குக் குறுக்கே நூல் பிடித்து நடுக்கோடு கண்டார். நாலு ஓரத்திலும் ஒரே அளவு தரை தெரிகிறதா என்று டேப் வைத்துப் பார்த்தார். முட்டிபோட்டு உள்ளங்கையால் சுருக்கங்களை ஓரத்துக்குத் தள்ளினார். தன் தரை அங்குலம் அங்குலமாக மூடப்படுவதைத் தானே செய்து முடித்தார். முடித்தபோது முகத்தில் ஈயாடவில்லை. பிறகு வெளியே போய் ஒரு பஞ்சு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் கம்பளத்தில் காலை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். கணவனைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ அவசரமாகக் கவனிக்க வேண்டியிருந்தது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் குளித்துவிட்டு வந்து ஸ்டீரியோவைப் போட்டாள். ஹெட்போனைச் சொருகவில்லை. பாட்டு தொடங்கி, ஓடி, முடிந்தது. அவர் மெதுவாக வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லாத்தான்…" என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எடை போடுகிற பார்வை. பிறகு சொன்னாள்: "தரை சரியாயிடுச்சு. சுவரு இன்னும் குத்துது."

மகள் தன் அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தச் சுவரு?"

"ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரு. என் தலைக்குப் பின்னாடி இருக்கறது."

அவர் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். சுவரின் நடுவில் ஒரு கல்லின் ஓரத்தில் உளியை வைத்து அடித்தார். கல் அசையவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார். ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு சில் தெறித்தது. வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார், வேறு கோணத்தில் சாய்த்துப் பார்த்தார், வியர்த்து ஊற்றியது. அவர் ஒட்டிய கல் அவருக்கே வரமாட்டேன் என்றது. எவன் ஒட்டினான் இதை என்று அவரையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது. மகள் அறைக்குள்ளிருந்து வெடித்துச் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்து அந்த ஹால் கேட்டது அதுதான் முதல் தடவை.

"விடுங்க. அங்க ஒரு கனமான திரை மாட்டினா போதும். வந்து உக்காருங்க" என்றாள்.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பளத்தில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு எப்போதும்போல் அதே பாட்டுதான். சுவர் குத்துகிறது என்று அவள் சொன்னதில் தனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று அவருக்கே விளங்கவில்லை. நல்லாத்தான் இருக்கு என்று சொல்லியிருந்தால் இன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டோம் என்று மட்டும் தெரிந்தது.

"வேற?" என்று கேட்டார்.

"என்ன வேற?"

"வீட்டுல. வேற என்ன சரியில்ல?"

அவள் கையை நீட்டி ஸ்டீரியோவின் சத்தத்தைக் குறைத்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் பேசுவதற்காக அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"குளியலறைத் தரை வழுக்குது. சுவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறேன்" என்றாள். அவர் தலையாட்டினார். "சமையல் மேடை எனக்கு ஒசரம். தோள் வலிக்குது. படுக்கையறை சுவிட்சு கதவுக்குப் பின்னாடி இருக்கு, கதவ மூடித்தான் லைட்டப் போடணும்." இப்போது அவள் குரல் ஆஸ்பத்திரிக் குரலாக இல்லை. கொஞ்சம் கோபமாகவும், கொஞ்சம் சிரிப்பாகவும், ஏறி இறங்கி வந்தது. "அந்த வெள்ளைச் சுவத்துல எங்க திரும்பினாலும் என் மூஞ்சியே தெரியுது. வேலை விட்டு வந்து அத வேற பாக்கணுமா? அப்புறம் இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு ஜன்னல்கூட நான் நினைச்ச எடத்துல இல்ல. எங்க வேணும்னு நீங்க கேக்கவே இல்ல."

பாட்டு முடிந்துவிட்டது. அடுத்ததை யாரும் போடவில்லை.

"வேற?" என்றார்.